வாடின பூவும் ஆன்டிபாடியும்

தோவாளைச் சந்தையில் வாடின பிச்சிப்பூவைத் தந்தால் சும்மா வாங்கிட்டு வருவோமா மக்களே? ஆய்வகங்கள் வருதே!

ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டுவதில் பங்குள்ள டி.டி.பி.-43 போன்ற மனிதப் புரதங்களைக் கண்டறிய ஆன்டிபாடியை விலைக்கு வாங்குகிறார்கள். அந்தப் புரதமே இல்லாத செல்லிலும் 'இருக்கு' என்று காட்டினால் சரக்கு சொத்தை. கனடாவின் ஒய்காரோஸ் குழு இப்படி 614 ஆன்டிபாடிகளைச் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டது. தேறாத பலவற்றைக் கம்பெனிகளே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டன. சரி, ஏற்கெனவே வாங்கினவன் காசு? அதை நம்பி எழுதின கட்டுரைகள்?

'வாங்குபவரே உஷார்' என்று பி.காமில் மனப்பாடம் செய்கிறோமே, அந்த 1930 சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே விதிவிலக்கு இருக்கு (பிரிவு 16, பரீட்சைக்கு வரும்!). இன்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவன் திறமையை நம்பி வாங்கினால் பொருள் அதுக்கு உதவணும். சோதனைப் படத்தைக் காட்டாத கம்பெனிக்கு நம்ம பல்கலைக்கழகங்கள் ஏன் ஆர்டர் போடணும்?