நிபுணருக்காகக் காத்திருக்கும் குழந்தைகள்

இரண்டு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத பிள்ளை. வேண்டிய பொருளைச் சுட்டுவிரலாற் காட்டாது தாயின் கையைப் பிடித்து இழுத்துச் செல்லும் பிள்ளை. இத்தகைய பிள்ளையைக் குறித்துத் தாயின் உள்ளத்தில் ஐயம் எழுங்கால் அவளுக்குக் கிடைக்கும் முதல் ஆறுதல், “ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும்” என்பதாகும். அதனை நம்பிக் காலம் கழியும். பின்னர் வைத்தியசாலையை நாடினால், நிபுணரிடம் முறை வரும்வரை காத்திருக்க நேரிடும். மூளை விரைந்து வளரும் பருவம் இவ்விரு காத்திருப்புகளிற் கரைந்துபோகின்றது. முதலாவது காத்திருப்பு அறியாமையால் விளைவது; இரண்டாவதோ கற்றறிந்தோரின் கொள்கையால் விளைவது. ஈண்டு ஆராயப்படுவது இரண்டாவதே.

ஓட்டிசம் நிபுணர் மட்டுமே கையாளத்தக்கது. நிபுணர் போதியளவு உருவாகும்வரை செய்வதற்கு எதுவுமில்லை என்பதே அக்கொள்கை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1943 இல் லியோ கானர் பதினொரு பிள்ளைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்தார். அதன்பின் தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் எனும் கருத்து வலுப்பெற்றது; புரூணோ பெற்றல்ஹைம் 1967 இல் வெளியிட்ட நூல் அதனைப் பரப்பியது. குற்றவாளியாக்கப்பட்ட தாய் சிகிச்சையிலிருந்தும் விலக்கப்பட்டாள். அக்கருத்து பொய்யென நிறுவப்பட்டுவிட்டது. ஆயினும் தாயை வாயிலில் நிறுத்தும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை.

நிபுணரையே சார்ந்தோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இவார் லோவாஸ் 1987 இல் வெளியிட்ட கலிபோர்ணிய ஆய்வினை. வாரத்துக்கு நாற்பது மணித்தியாலம் பயிற்சி பெற்ற பத்தொன்பது பிள்ளைகளுள் ஒன்பதின்மர் சாதாரண வகுப்பிற் கற்கும் நிலையை எய்தினர் என்றது அவ்வாய்வு. பிள்ளைகள் எழுமாறாகக் குழுக்களாகப் பிரிக்கப்படவில்லை என்பது அதன் குறைபாடு. அங்கு பிள்ளைகளுடன் இருந்து உழைத்தோர் யாவர் என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது. அவர்கள் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்றப்பட்ட பல்கலைக்கழக மாணவர்கள்! ஆக, நிபுணத்துவத்தின் பெருஞ்சான்றெனக் காட்டப்படும் ஆய்வே, பயிற்சி பெற்ற சாதாரணரின் உழைப்பால் நடந்தது. அதே ஆய்வில் பிள்ளையை உரத்து அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் இடம்பெற்றன என்பதும் மறக்கற்பாலதன்று. நுட்பம் மட்டும் பயிற்சியாகாது. பிள்ளையைப் பணியவைப்பதோ புரிந்துகொள்வதோ நோக்கம் என்பதும் பயிற்சியிலேயே தீர்மானிக்கப்படல் வேண்டும்.

நமக்கு அணித்தான சான்றும் உண்டு. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் இராவல்பிண்டியிலும் நடைபெற்று 2016 இல் வெளிவந்த ஆய்வில் அறுபத்தைந்து பிள்ளைகள் இடம்பெற்றனர். நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளர், தாயும் பிள்ளையும் விளையாடுவதை ஒளிப்பதிவு செய்து, அதனைப் பெற்றோருடன் இருந்து பார்த்தனர். பிள்ளையின் நோக்கைப் பின்தொடர்ந்து பேசுவது எவ்வாறு என உணர்த்தினர். ஆறு மாதங்களிற் பன்னிரண்டு அமர்வுகள், அவ்வளவே. பெற்றோர் பிள்ளைக்கு இசைந்து உரையாடுவது கூடியது; பிள்ளை தானாகவே தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. இருவரும் ஒருங்கே ஒன்றிற் கவனம் வைத்திருந்த நேரம் மாத்திரம் குறைந்தது. இது மாயமருந்தன்று, ஆயினும் வெறுங்காத்திருப்பினும் மேலானது என்பதில் ஐயமில்லை.

இலங்கைக்கு இவ்வழி புதியதன்று. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதலாகக் குடும்பநல மருத்துவமாது வீடுதோறும் செல்லும் மரபு இங்கு வளர்ந்துள்ளது. பிள்ளையை நிறுப்பவரும் தடுப்பூசிக்கு நினைவூட்டுபவரும் அவரே. அவரையும் முன்பள்ளி ஆசிரியையையும் பயிற்றினால், நிபுணர் காணுமுன்னரே பிள்ளைக்கு உதவி கிட்டும்.

“அரைகுறைப் பயிற்சி ஆபத்தானது” என்பர் சிலர். உண்மையே. இரண்டு நாட் கருத்தரங்கும் ஒரு சான்றிதழும் பயிற்சியாகா. பிள்ளையுடன் தரையில் அமர்ந்து செய்து பழகுதலும், செய்ததை மூத்தவர் பார்த்துத் திருத்துதலும், மாதந்தோறும் தொடரும் மேற்பார்வையுமே பயிற்சியாகும். நிபுணர் வேண்டப்படுவது இங்கேதான். நூறு பிள்ளைகளைத் தாமே பார்க்க முயலும் நிபுணரிலும், நூறு பணியாளரைப் பயிற்றும் நிபுணரே சமூகத்துக்கு வேண்டியவர். அரைகுறைப் பயிற்சியை அஞ்சுவோர் முழுமையான பயிற்சியைக் கோரவேண்டுமேயன்றிப் பயிற்சியே வேண்டாமெனல் முறையன்று.

இதில் மொழியும் ஒரு பிரச்சினையாகும். பேச்சே சிக்கலாகிய பிள்ளைக்கு அதன் வீட்டுமொழியில் அன்றி வேறெதில் உதவுவது? பேச்சுச் சிகிச்சையாளரைக் களனிப் பல்கலைக்கழகம் உருவாக்கி வருகின்றது, அக்கல்வியோ ஆங்கிலவழிப்பட்டது. தாய் பிள்ளையைக் கொஞ்சும் தமிழிற் பயிற்சிக் கைந்நூல்கள் வேண்டும். தமிழ் மொழியின் தொன்மையை ஆண்டுதோறும் போற்றும் பல்கலைக்கழகத்தார், அம்மொழியில் இன்னும் ஒரு சொல்லும் பேசாத பிள்ளைகளுக்கு யாது செய்தனர் எனும் வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவராவர்.