கண்காட்சி முடிந்த மறுநாள்

பள்ளிகளில் நடைபெறும் விஞ்ஞானக் கண்காட்சிகளில் அண்மைக் காலமாகத் தவறாது இடம்பெறும் சாதனம் ஒன்று உண்டு. செடித் தொட்டியின் மண்ணில் இரு முனைகளையுடைய ஈரமானி ஒன்று நடப்பட்டிருக்கும். அதனுடன் ஆர்டுயினோ பலகையும் சிறு மோட்டாரும் இணைக்கப்பட்டிருக்கும். மண் உலர்ந்தால் மோட்டார் இயங்கி நீர் பாய்ச்சும், நனைந்தால் நின்றுவிடும். பார்வையாளர் வியப்பர், நடுவர் மதிப்பெண் இடுவர், மாலையில் சாதனம் பெட்டியில் வைத்து மூடப்படும். மெய்யான விஞ்ஞானக் கல்வி தொடங்கவேண்டிய வேளையில் அது முடிந்துவிடுகிறது என்பதே இதிலுள்ள குறை.

அதே ஈரமானியைச் சில வாரங்கள் மண்ணிலேயே விட்டுவைத்தால் விளைவு வேறாகும். விலை குறைந்த இவ்வகைக் கருவி, தன் இரு முனைகளுக்கிடையே மண் காட்டும் மின்தடையை அளந்து ஈரத்தை உணர்த்துவது. ஈர மண்ணின் வழியே மின்னோட்டம் ஒரே திசையில் இடைவிடாது பாய்வதால் மின்பகுப்பு நிகழ்கிறது. நேர்முனையின் உலோகப் பூச்சு அரிக்கப்படுகிறது. நாளடைவில், மண் ஈரமாயிருப்பினும் உலர்ந்திருப்பதாகவே கருவி காட்டும். மோட்டாரும் நில்லாது ஓடும். மண்ணில் உப்பு மிகுந்தாலோ தடை குறையும். ஈரம் உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும். இக்குறைகளைத் தாமே கண்டறியும் மாணாக்கர், மின்பகுப்பைப் பற்றி ஏட்டில் படித்ததை வாழ்நாள் முழுதும் மறவார். அளக்கும் கணத்தில் மட்டும் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அரிப்பு பெரிதும் குறையும் என்னும் தீர்வும் அவர்களுக்கே தோன்றக்கூடும்.

ஆனால் கண்காட்சி மதிப்பீட்டு முறை இத்தகைய அறிவுக்குப் பெரும்பாலும் இடமளிப்பதில்லை. அன்றைய தினம் இயங்கும் சாதனத்துக்கே பரிசு கிட்டுகிறது. கடையில் வாங்கிய தொகுப்பை அச்சிட்ட குறிப்பின்படி பூட்டிக்கொண்டு வந்த மாணாக்கர் வெற்றி பெறுவர். பழைய வானொலிப் பெட்டியின் உறுப்புக்களைப் பிரித்தெடுத்து, பலமுறை தவறி, தம் கையாலேயே ஒன்றை உருவாக்கிய மாணவி, அது நடுவர் முன்னிலையில் ஓசையற்று நின்றமையால் நாணித் தலைகுனிவாள். பழுதை மறைப்பதே முன்னேற்றத்துக்கு வழி என்ற முடிவுக்கு அவள் வந்துவிட்டால் அது யாருடைய பிழை? விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. தவற்றை ஆராயாமல் மறைக்கப் பழக்குவது அக்கடமைக்கு நேர்மாறானது.

இவ்வினா இன்று சிறியதன்று. 2016-இல் தொடங்கப்பட்ட அடல் புத்தாக்கத் திட்டத்தின்கீழ், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணாக்கருக்காக 10,000 பள்ளிகளில் கைவினைக் கூடங்கள் நிறுவப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் ரூ.20 லட்சம் வரை மானியம் உண்டு. ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என்று 2025-இல் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பொருட்செலவில் எழும் கூடத்தின் கதவு, உறுப்பு உடைந்தால் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்லவேண்டுமே என்னும் அச்சத்தால் பூட்டப்படுமாயின், செலவு வீணே. கம்பி, டையோடு, ஈரமானி முதலியவை சாக்கட்டியைப் போன்று பயன்பட்டுத் தீரும் பொருள்கள். அவை அவ்வாறே கணக்கில் எழுதப்படவேண்டும். உடையாத உபகரணங்கள் நிறைந்த கூடம், பயன்படாத கூடம் என்றே கருதத்தக்கது.

பணமில்லாத இடத்திலும் இவ்வகைக் கல்வி நடைபெற்றிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 பள்ளிகளில் தொடங்கப்பட்ட விஞ்ஞானப் போதனைத் திட்டம் 2002 வரை நடந்தது. எளிய பொருள்களைக் கொண்டு மாணாக்கரே பரிசோதனை செய்வது அதன் அடிப்படை. அத்திட்டத்தில் பங்குகொண்ட பொறியியலாளர் அர்விந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு ரப்பர்க் குழாயையும் இணைத்துக் கணித உருவங்களை அமைக்கும் முறையைப் பரப்பினார். அங்கே தேர்வு முறையும் மாற்றப்பட்டது: தேர்வின்போது புத்தகத்தையும் தம் குறிப்பேட்டையும் மாணாக்கர் பார்க்கலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்தை விடுத்து ஆராயும் திறன் அளக்கப்பட்டது. கற்பிக்கும் முறையை மாற்றி மதிப்பிடும் முறையை மாற்றாவிடில் பயனில்லை என்பதை அத்திட்டத்தினர் உணர்ந்திருந்தனர்.

மின்கலமே வேண்டாத படிக வானொலியை மற்றோர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நடுத்தர அலை ஒலிபரப்பு நன்கு எட்டும் ஊர்களில் ஒரு கம்பிச்சுருள், மாறு மின்தேக்கி, ஜெர்மானியம் டையோடு, உயர்தடைச் செவிக்கருவி, நீண்ட வான்கம்பி, நிலத்தொடர்பு ஆகியவை போதும். வானில் வரும் அலையின் ஆற்றலே ஒலியாகிறது. ஜெர்மானியத்துக்குப் பதிலாகச் சிலிக்கன் டையோடை இணைத்தால் பெரும்பாலும் ஓசை எழாது. ஏனெனில் ஜெர்மானியம் சுமார் 0.2 வோல்ட்டிலேயே மின்னோட்டத்தை விடும், சிலிக்கனுக்கோ சுமார் 0.6 வோல்ட் வேண்டும். இவ்வாறு ஓசையற்றுப்போன பெட்டி ஒன்று, குறைகடத்திகளைப் பற்றிய சிறந்த பாடமாகும். அலைகளை உணர்வதற்குக் கலீனா படிகத்தைப் பயன்படுத்திய ஜகதீச சந்திர போஸ், அதற்காக 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார் என்பதையும் அப்பாடத்துடன் சேர்த்துக் கூறலாம்.

மின்சாரத்தோடு விளையாட விடுவது ஆபத்தன்றோ என்று வினவுவோர் கூற்றில் உண்மையுண்டு. வீட்டு மின்னிணைப்பின் 230 வோல்ட்டை மாணாக்கர் தொடலாகாது. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறக்கலாகாது. லித்தியம் மின்கலத்தைத் துளைக்கவோ குறுக்கிணைப்புச் செய்யவோ கூடாது. வான்கம்பியை மின்கம்பிகளுக்கு அருகில் கட்டலாகாது. இடி மின்னலின்போது அதனைத் தொடவும் கூடாது. இவ்வெல்லைகளைச் சுவரில் எழுதி வைத்தபின், உலர் மின்கலங்களைக்கொண்டு 9 வோல்ட்டுக்கு உட்பட்டுச் செய்யும் எதனையும் தடுக்கத் தேவையில்லை.

ஆசிரியர்கள் மேற்கொள்ளத்தக்க வழிகள் மூன்று. முதலாவது, கண்காட்சிக்கு வரும் சாதனம் அதற்கு முன் ஒரு மாத காலமேனும் இயக்கப்பட்டிருக்கவேண்டும். இரண்டாவது, பழுதுற்ற நாள், காரணம், திருத்திய விதம் ஆகியவற்றைக் கொண்ட குறிப்பேட்டுக்குச் சாதனத்துக்கு இணையான மதிப்பெண் வழங்கவேண்டும். மூன்றாவது, நடுவர் ஓர் உறுப்பைச் சுட்டி, “இதனை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?” என்று வினவவேண்டும். பிறர் செய்துகொடுத்த சாதனம் அவ்வொரு கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

களப்பணியாளரின் உதவியும் இங்கே இன்றியமையாதது. வயலின் உவர்நிலையையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் நன்கறிந்தவர் அவர்களே. வயல் மண் ஒரு பிடியைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, இதன் ஈரத்தை அளந்து காட்டுமாறு அவர்கள் கேட்பார்களாயின், தொட்டிச் செடியோடு நின்றுவிட்ட மாணாக்கரின் பொழுதுபோக்கு உழவனின் தேவையை எட்டும். விடை தவறாகவும் வரலாம். ஏன் தவறிற்று என்று மாணாக்கர் தாமே கேட்கத் தொடங்கினால் அதுவே போதிய பலன்.