முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சண்டை போடுங்கள்



இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். கொஞ்சம் திட்டவும் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் ஒருவர் வீட்டில் புதுமனைப் புகுவிழா. என்னிடம் எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இரண்டு பேர் வந்திருந்தார்கள். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. ஒருவர் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார். பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குள் பேச்சு எப்படியோ சினிமாப் பாட்டுக்குப் போனது. ஒருவர் ராஜா கட்சி, மற்றவர் ரகுமான் கட்சி. முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. "உனக்கு இசையைப் பற்றி என்னடா தெரியும்?" என்று ஒருவர் கேட்க, "உன் ஆளோட காலம் முடிஞ்சு போச்சு" என்று மற்றவர் சொல்ல, பாயசம் வருவதற்குள் ஒருவர் இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். நாற்பது வருடச் சிநேகிதம். இன்றுவரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சண்டை எதைப் பற்றி என்று பிறகு தனித்தனியாக விசாரித்தேன். வாத்தியார் புத்தி போகாது அல்லவா?

ரகுமான் கட்சிக்காரர் மட்டம் தட்டியது 2012-இல் வந்த 'நீதானே என் பொன்வசந்தம்' ஆல்பத்தை. "அதில் எத்தனை பாட்டு தம்பி?" என்று கேட்டேன். தெரியவில்லை. எட்டுப் பாட்டு. எட்டையும் எழுதியவர் நா. முத்துக்குமார். இவர் கேட்டது இரண்டு, அதுவும் பேருந்தில் போகும்போது. ராஜா கட்சிக்காரரோ "ரகுமானுடையது எல்லாம் கம்ப்யூட்டர் சத்தம் சார்" என்றார். "1997-இல் வந்த 'இருவர்' கேட்டிருக்கிறாயா?" என்றேன். படம் டிவியில் பார்த்தாராம், பாட்டு நினைவில்லையாம். சங்கப் பாடல் வரிகளை எடுத்தாண்டு வைரமுத்து எழுதிய 'நறுமுகையே' அந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. அதே ஆல்பத்தில் ஜாஸ் பாணிப் பாட்டும் இருக்கிறது. அதை முழுசாகக் கேட்டவர் யாரும் 'எல்லாம் கம்ப்யூட்டர் சத்தம்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட மாட்டார்.

ஆக, இரண்டு பேரும் கேட்காத பாட்டுக்காகச் சண்டை போட்டுச் சிநேகிதத்தை முறித்துக்கொண்டார்கள். வினாத்தாளைப் படிக்காமல் விடை எழுதினால் நான் என்ன மதிப்பெண் போடுவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த இருவரை மட்டும் சொல்லவில்லை. நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் இருக்கிறோம். கருத்து என்று நினைத்துக்கொண்டு கட்சியைச் சொல்கிறோம். ஆல்பம் வந்த அன்று காலையிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக் காட்டுகிறோம். இசையமைப்பாளர் மேடையில் என்ன பேசினார் என்பதை வைத்துப் பாட்டை எடை போடுகிறோம். அவர் பேச்சு பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் அது பாட்டைப் பற்றிய கருத்து ஆகாது.

இதைச் சொல்லும் நான் யோக்கியனா? இல்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1992-இல் 'ரோஜா' வந்தபோது வகுப்பில் ஒரு பையன் பெஞ்சைத் தட்டிக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடினான். அவனை ஒரு பீரியட் முழுக்க வெளியே நிற்க வைத்தேன். "இதெல்லாம் ஒரு பாட்டா? இரண்டு வருஷம்கூட நிற்காது" என்று வகுப்புக்கே சொன்னேன். அன்று நான் அந்தக் கேசட்டைக் கேட்டிருக்கவில்லை. டீக்கடையில் காதில் விழுந்ததுதான். 'அன்னக்கிளி' வந்த 1976-இலிருந்து என் காது ஒருவருக்கே பழகியிருந்தது. புதிதாக ஒருவர் வந்தது எனக்கு என் இளமை போனது போல இருந்தது. அந்தக் கோபத்தை ஒரு பிள்ளை மேல் காட்டினேன். சில மாதம் கழித்து மைத்துனர் வீட்டில் அந்தக் கேசட்டை இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டேன். நான் சொன்னது தப்பு என்று அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் வகுப்பில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மாணவர் இதைப் படித்தால், இத்தனை வருடம் கழித்து உங்கள் வாத்தியார் மன்னிப்புக் கேட்கிறார். அன்று முழுசாகக் கேட்டிருந்தவர் நீங்கள், கேட்காமல் பேசியவன் நான்.

அந்த வருட விஷயம் இன்னொன்று உண்டு. 1992-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுக்குக் கடைசிவரை சமமாக நின்றவை 'தேவர் மக'னும் 'ரோஜா'வும். நடுவர் குழுத் தலைவர் பாலு மகேந்திரா. தமிழில் 'மூடுபனி'யிலிருந்து அவர் இயக்கிய படங்களில் பெரும்பாலானவற்றுக்கு இளையராஜாதான் இசை. அந்த மனிதர் தன் வாக்கைப் புதிதாக வந்த இளைஞர் ரகுமானுக்குப் போட்டார். இதனால் இளையராஜாவுடன் சிநேகிதம் முறிந்ததா? அதற்குப் பிறகும் 'சதி லீலாவதி' தொடங்கி, கடைசியாக எடுத்த 'தலைமுறைகள்' வரை அவர் படங்களுக்கு இளையராஜாவே இசையமைத்தார். ரகுமானும் சிறு வயதில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர்தான். எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் சேர்ந்தே 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு இசையமைத்தார்கள். அவர்களுக்குள் இல்லாத பகையை நாம் எதற்குச் சுமக்கிறோம்?

"அப்படியானால் பாட்டைப் பற்றி அபிப்பிராயமே சொல்லக் கூடாதா சார்?" என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். "ராகம் தெரியாதவன் பேசாதே" என்று வாயை அடைக்கிறவர்களிடமும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் படித்தது ஆசிரியர் பயிற்சி. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையைக்கூடச் சரியாக அழுத்தத் தெரியாது. ஆனால் சமைக்கத் தெரியாதவனுக்கும் குழம்பில் உப்பு இல்லை என்பது தெரியும். அதைச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. ஒரே நிபந்தனை, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

"அவரவர் ரசனை, இதில் பேச என்ன இருக்கிறது" என்று நழுவுகிறவர்களையும் நான் ஏற்கவில்லை. பேச நிறைய இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே ஒரு வழக்கு இருபது வருடமாக நடக்கிறது.

2005-இல் இளையராஜாவின் 'திருவாசகம்' வந்தது. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. மொத்தம் ஆறு பகுதிகள். நடுவில் ஆங்கில வரிகளும் வரும். என் அக்கா சின்ன வயதிலிருந்து கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டுத் திருவாசகத்தை மனப்பாடம் செய்தவர். முழுக் குறுந்தகட்டையும் இரண்டு முறை கேட்டார். "வேண்டாம்டா" என்றார். ஏன் என்றேன். "ஓதுவார் மோகனத்தில் பாடும்போது ஒவ்வொரு சொல்லும் தனியாகக் காதில் விழும். சொல்லுக்குத்தான் மனசு உருகும். இதில் வயலின்கள் எழும்பும்போது சொல் உள்ளே போய்விடுகிறது" என்றார்.

எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கும். தேவார, திருவாசகப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காத என் மகன் அதைக் கேட்டுவிட்டு, "அப்பா, இந்த வரிக்கு என்ன அர்த்தம்?" என்று வந்து கேட்டான். இருபது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்த என்னால் அவனிடம் செய்ய முடியாததை அந்தக் குறுந்தகடு செய்தது. ஆனாலும் அக்கா சொன்ன பிறகு கேட்டுப் பார்த்தால், சில இடங்களில் சொல் அமுங்கித்தான் போகிறது. அவர் சொல்லவில்லை என்றால் நான் அதைக் கவனித்திருக்க மாட்டேன். அதேபோல, மகன் வந்து கேட்ட கதையை நான் சொன்னபோது அக்காவும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு மார்கழியிலும் இந்தச் சண்டையை ஒருமுறை போட்டுக்கொள்வோம். பிறகு சேர்ந்து காபி குடிப்போம். இன்னும் யாரும் ஜெயிக்கவில்லை.

நான் சொல்லும் கருத்து வேறுபாடு இதுதான். அக்காவின் காதில் விழுந்தது ஒன்று, என் காதில் விழுந்தது வேறு. இரண்டையும் சேர்த்து வைத்தால் அந்த ஆல்பம் இருவருக்குமே கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது. "உன் ஆள், என் ஆள்" என்று பேசினால் இதில் எதுவும் நடக்காது.

நம் காலத்தில் ஒரு வசதி இருந்தது. கேசட் வாங்கக் காசு சேர்க்க வேண்டும். வாங்கிய கேசட்டில் பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போக, பட்டனை அழுத்திக் குத்துமதிப்பாக ஓட்ட வேண்டும். அந்தச் சோம்பலிலேயே பிடிக்காத பாட்டையும் பத்து முறை கேட்டுவிடுவோம். பதினோராவது முறை அது பிடித்துப் போய்விடும். இப்போது விரலால் தள்ளினால் போதும், முப்பது நொடியில் அடுத்த பாட்டு. அதற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் தள்ளுகிறேன். ஆனால் முப்பது நொடி கேட்டதற்கு முப்பது நொடிக் கருத்துத்தான் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் வாதாடக் கூடாது.

சரி, வீட்டுப்பாடம் தருகிறேன். உங்களுக்குப் பிடிக்காத ஆல்பம் ஒன்றை எடுத்து, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை இரண்டு முறை கேளுங்கள். பிறகு கீழே நாலு வரி எழுதுங்கள். எந்த இடம் பிடித்தது, எந்த இடம் பிடிக்கவில்லை, ஏன். "எனக்கு" என்று ஆரம்பித்து எழுதுங்கள். கேட்ட பிறகும் பிடிக்கவில்லை என்றால் முழு மதிப்பெண் உண்டு. "செம", "குப்பை" என்று ஒரு சொல்லில் எழுதினால் பூஜ்யம்.

அந்த இருவருக்கும் மட்டும் பாடம் வேறு. ரகுமான் கட்சிக்காரர் 'நீதானே என் பொன்வசந்தம்' கேட்க வேண்டும். ராஜா கட்சிக்காரர் 'இருவர்' கேட்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் என் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். டிபன் உண்டு. இந்த முறை இலையை மூடிவிட்டு யாரும் எழுந்து போகக் கூடாது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்