செவிலியர் என்றொரு பெயர்

கலித்தொகைப் பாலைப்பாட்டொன்றில், உடன்போன மகளைத் தேடிச் செல்லும் செவிலி, எதிர்ப்படும் அந்தணரிடம் அவளைக் கண்டீரோ என வினவுகிறாள். பெறாத பிள்ளையைத் தன்னதாய்ப் பேணும் அவள் பெயரையே மருத்துவமனைத் தாதியர்க்கு இட்டோம். பொருத்தமான பெயர்தான், ஊதியந்தான் பொருந்தவில்லை.

நிற்க. கோவையில் நாங்கள் கற்பிக்கும் இளங்கலைத் தமிழ் வகுப்புக்கு, பி.எஸ்சி. நர்சிங் இடம் கிட்டாமல் வந்து சேர்வோர் ஆண்டுதோறும் ஓரிருவர் உண்டு (தமிழுக்கு இது பெருமையா என்று கேளாதீர்கள்). பிளஸ் டூ மதிப்பெண்ணில் அரசு இடத்தைத் தவறவிட்டால் தனியார் கல்லூரிதான். அதற்குக் காட்டை அடகு வைக்கவேண்டும். அவர்களைத் தேற்றவும் வாய் வருவதில்லை, இடம் கிடைத்தவர்களின் கதை அப்படி.

2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் போட்டித்தேர்வில் வென்றோர், மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். ஈராண்டில் நிரந்தரம் என்ற உறுதி நிறைவேறாமல், 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினர். 2020 மார்ச் 22 அன்று நாடே அவர்களுக்காகக் கைதட்டியது. கொரோனாக் காலத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31உடன் பணியிழந்தனர்.

தேர்வு நிரந்தரப் பணிக்குரிய கடுமையோடு நடக்குமெனில், ஊதியமும் முதல் நாளிலிருந்தே அதற்குரியதாக வேண்டும் என்பதே எங்கள் கட்சி.

சென்ற வாரம் ஒரு மாணவி, மறுபடியும் நர்சிங்குக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டாள். போடு கண்ணு என்றோம். வேறென்ன சொல்ல?