'தாக்கம்' என்னும் நாசூக்கான சொல்

சான்சிபார் தீவின் தாராப் இசை ஐரோப்பிய அரங்கில் ஏறும்போது, அறிமுகக் குறிப்பில் தவறாமல் ஒரு தொடர் வந்துவிடும்: 'அரபுத் தாக்கம் பெற்ற ஆப்பிரிக்க இசை'. கூடவே 'பண்பாட்டுச் சங்கமம்'. யார் யாரோடு சங்கமித்தார்கள்?

1870 முதல் 1888 வரை சான்சிபாரை ஆண்ட ஓமானிய வம்ச சுல்தான் பர்காஷ், எகிப்திய இசையை அரண்மனைக்குக் கொண்டுவந்தார். கானூன் கற்றுவர ஒருவரைக் கெய்ரோவுக்கே அனுப்பினார் என்கிறார்கள். அதற்கான காசு எங்கிருந்து வந்தது? கிராம்புத் தோட்டத்திலிருந்தும் அடிமை வணிகத்திலிருந்தும். கிராம்பு பறித்தவர்கள் பெருநிலத்திலிருந்து பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள். அங்கே அடிமைமுறையின் சட்டத் தகுதி ஒழிந்ததே 1897இல்தான். 'தாக்கம்' என்ற சொல் இதையெல்லாம் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது.

அரண்மனையில் அரபியில் பாடப்பட்ட தாராபைச் சுவாகிலி மொழியில் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சிட்டி பிந்தி சாத். 1880 வாக்கில் அடிமைப் பின்னணி கொண்ட குடும்பத்தில் பிறந்தவர், மண்பானை விற்றவர். பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் ம்தும்வா. அடிமை என்று பொருள். 'சீமாட்டி' எனப் பொருள்படும் சிட்டி, பாடிப் புகழடைந்த பிறகு வந்த பெயர். 1928இல் பம்பாய்க்குக் கப்பலேறி ஹெச்.எம்.வி.க்காகப் பாடிப் பதிவு செய்தார். (அந்த நிறுவனம் நம் வீட்டுத் தாத்தாக்களுக்கு விற்ற இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசுகிறோம், இந்தப் பதிவைப் பற்றிப் பேசுவதில்லை.) போட்டிப் பாடகர்கள் அவர் பிறப்பைச் சொல்லி ஏளனம் செய்தார்கள். அவரோ ஏழைப் பெண்களுக்கு நீதிமன்றம் இழைத்த அநீதியைப் பாட்டாக்கினார்.

"இசைக்கு ஏது ஆண்டான், அடிமை? ரசித்துவிட்டுப் போங்கள்" என்கிறார்கள் நம் ரசிகப் பெருமக்கள். கானூன்மீது நமக்கு வழக்கில்லை. சிட்டியும் அரபு மெட்டில்தான் பாடினார், தன் மக்கள் பேச்சைப் பாடினார். அரண்மனையின் சொத்தாக இருந்ததை அடிமைகளின் வழிவந்தவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். அதைக் 'கலப்பு' என்று வழவழப்பாக எழுதினால், எடுத்துக்கொண்டவர்களின் துணிச்சலும் காணாமல் போகிறது.

கிடும்பாக் என்ற வடிவமும் இருக்கிறது. சிறு முரசுகள், ஒரு வயலின், மரப்பெட்டியில் கழி நட்டுக் கயிறு கட்டிய சண்டுகு. ஏழை வீட்டுக் கல்யாணங்களின் இசை. இதைத் தாராபின் 'எளிய வடிவம்' என்கிறார்கள். வாத்தியக் குழுவை அமர்த்தக் காசில்லாதவர்களின் வடிவம் என்று எழுதட்டும். சுல்தானின் பெயர் அச்சேறும் அதே தாளில் ம்தும்வா என்ற பெயரும் அச்சேறட்டும், பொருளோடு.