'ஒரு சைஸ் பெருசா போட்டுக்கோங்க!' - டயர் கடையில் தலையாட்டும் முன் ஒரு கணக்கு

கோவையிலிருந்து ஒரு வாசகி மெயில் அனுப்பியிருக்கிறார். போன வருடம் செகண்ட் ஹேண்டில் 2014 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி டி.எஸ்.ஐ வாங்கியிருக்கிறார். மாதம் ஒருமுறை அப்பா, அம்மாவை ஏற்றிக்கொண்டு வால்பாறை போய் வருவாராம். டயர் தேய்ந்துவிட்டதால் கடைக்குப் போயிருக்கிறார். "இந்த 15 இன்ச்சைக் கழட்டிட்டு, 16 இன்ச் அலாய்ல 205/55 போட்டுடலாம் மேடம். வண்டி கெத்தா நிக்கும், கிரிப்பும் அள்ளும். பழைய அலாயை நாங்களே எடுத்துக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். "தம்பி 'சூப்பர், போடு'ங்கிறான். அப்பா 'கம்பெனி கொடுத்ததை மாத்தாதே'ங்கிறார். நான் யார் பேச்சைக் கேட்க?" என்பது அவருடைய கேள்வி.

இந்த முறை அப்பா பேச்சைத்தான். ஆனால், 'கம்பெனி கொடுத்தது' என்பது மட்டுமே காரணமில்லை. வேறு காரணங்கள் இருக்கின்றன. ஸ்விஃப்ட், ஐ20 என்று எந்தக் கார் வைத்திருந்தாலும் அந்தக் காரணங்கள் உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் அந்த எண்கள். அவருடைய போலோவில் கம்பெனி டயர் 185/60 ஆர் 15. இதில் 185 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 60 என்பது சைடுவால் உயரம். இது மில்லி மீட்டர் இல்லை, அகலத்தில் 60 சதவிகிதம். அதாவது 111 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். ஒரே டயரில் மில்லி மீட்டர், சதவிகிதம், இன்ச் மூன்றையும் கலந்து எழுதிய மகானுக்கு ஒரு கும்பிடு! இதனால்தான் '60-ஐவிட 55 குறைச்சல்தானே, அப்ப டயர் சின்னதாகத்தானே ஆகும்' என்று பலரும் நினைத்துவிடுகிறோம்.

இப்போது மொபைலில் கால்குலேட்டரைத் திறங்கள். 15 இன்ச் என்பது 381 மி.மீ. மேலே ஒரு சைடுவால், கீழே ஒரு சைடுவால், ஆக 222. மொத்த விட்டம் 603 மி.மீ. கடைக்காரர் சொன்ன 205/55 ஆர் 16-க்கு அதே கணக்கைப் போட்டால், 406.4 + 225.5. கிட்டத்தட்ட 632 மி.மீ. வித்தியாசம் 29 மி.மீ, சதவிகிதத்தில் 4.8.

டயர் மாற்றும்போது மொத்த விட்டம் ஒரிஜினலிலிருந்து 2 சதவிகிதத்துக்குள் இருப்பது நல்லது, 3-ஐத் தாண்டவே கூடாது என்பது பொதுவான நடைமுறை. 4.8 என்பது அதற்கு ரொம்பவே மேலே.

தாண்டினால் என்ன ஆகும்? டயர் பெரிதானது ஸ்பீடோமீட்டருக்குத் தெரியாது. அது சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்றுதான் எண்ணும். பழைய டயரில் 100-ல் போய்க்கொண்டிருந்த அதே முள் நிலையில், புது டயரில் கார் கிட்டத்தட்ட 105-ல் போகும். ஓடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். 'மைலேஜ் குறைஞ்சிடுச்சே' என்று கணக்குப் போடும்போது அதில் ஒரு பங்கு இந்தப் பிழையாகவே இருக்கும்.

அடுத்தது பிக்கப். இதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். ஜி.டி டி.எஸ்.ஐ-யை ஆசைப்பட்டு வாங்குவதே அந்த 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 7 ஸ்பீடு டி.எஸ்.ஜி கியர்பாக்ஸின் துறுதுறுப்புக்காகத்தான். டயர் விட்டம் 4.8 சதவிகிதம் கூடினால், ஒவ்வொரு கியரும் அதே அளவுக்கு 'நீளமாகி'விடும். 16 இன்ச் அலாயும் அகல டயரும் கூடுதல் எடை வேறு. பார்க்க ஸ்போர்ட்ஸ் கார், மிதித்தால் சோம்பல் கார்!

மூன்றாவது, உரசல். விட்டம் 29 மி.மீ கூடினால் டயரின் மேல்விளிம்பு வீல் ஆர்ச்சுக்கு சுமார் 14 மி.மீ நெருங்கிவிடும். கார் அதே அளவு உயரவும் செய்யும். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களை நினைத்தால் அது மட்டும்தான் இதில் லாபம். கடையில் கார் காலியாக நிற்கும்போது எதுவும் உரசாது. அப்பா, அம்மா, லக்கேஜ் எல்லாம் ஏறி சஸ்பென்ஷன் இறங்கி, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போதுதான் 'ஸ்ர்ர்' என்று சத்தம் கேட்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையிலும் அதைக் கேட்டுக்கொண்டே போக வேண்டுமா?

சரி, கடைக்காரர் ஏன் இந்த சைஸைச் சொன்னார்? ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். 205/55 ஆர் 16 என்பது ஆக்டேவியா, ஜெட்டா, கரோலா ஆல்டிஸ் என்று பல செடான்களுக்கு வந்த சைஸ். எல்லாக் கடையிலும் ஸ்டாக் இருக்கும். இருப்பதை விற்கப் பார்க்கிறார், அவ்வளவுதான். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் கொண்டுவந்தது. அதன் பிறகு கொஞ்சம் அபூர்வமான சைஸ்களைத் தேடிப் பிடிப்பது இன்னும் சிரமமாகிவிட்டது. ஆனால், அவர் கடை ஸ்டாக்குக்காக உங்கள் கார் அட்ஜஸ்ட் செய்ய வேண்டியதில்லை.

அகலம் கூடினால் கிரிப் கூடுமா?

தம்பி இங்கேதான் சண்டைக்கு வருவார். காய்ந்த ரோட்டில், வேகமாக வளையும்போது அகல டயர் உதவும். உண்மைதான். ஆனால், 185-லிருந்து 205-க்குப் போனால் ரோட்டைத் தொடும் பரப்பு அப்படியே அந்த விகிதத்தில் கூடிவிடாது. காரின் எடையும் காற்றழுத்தமும் அதேதான் என்பதால், தொடும் இடத்தின் வடிவம்தான் முக்கியமாக மாறும். நீளமாக இருந்தது, குட்டையாக, அகலமாக ஆகும்.

ரோட்டில் தண்ணீர் நின்றால் இது எதிராகத் திரும்பும். அகல டயர் ஒரே நேரத்தில் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். முடியாதபோது டயர் தண்ணீர் மேலேயே மிதக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. வால்பாறை போன்ற மழை ஊருக்குப் போகிறவர் யோசிக்க வேண்டியது ஷோரூம் லுக்கை அல்ல, இதைத்தான்.

ஆகவே, நான் சொல்வது: அலாய்க்கு வைத்திருக்கும் பணத்தை ரப்பரில் போடுங்கள். அதே சைஸில் ஒரு படி நல்ல டயர், பெரிய சைஸில் சுமாரான டயரைவிட எப்போதும் மேல். சைடுவாலில் 'ட்ராக்‌ஷன்' என்று எழுதி ஏஏ, ஏ, பி, சி என ஒரு தரம் பல டயர்களில் இருக்கும். ஈர ரோட்டில் நேராகப் போகும்போது பிரேக் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கான தரம் அது. வளைவில் எப்படி என்பதை அது சொல்லாது. இருந்தாலும் மழைக்கு இதைவிட எளிதான குறிப்பு கிடையாது. ஏ-க்குக் கீழே இறங்காதீர்கள். பக்கத்திலேயே 'ட்ரெட்வேர்' என்று 300, 400, 500 என எண் இருக்கும். எண் கூடினால் ஆயுள் கூடும் என்று பொருள். ஆனால், அதை டயர் கம்பெனியே தனக்குப் போட்டுக்கொள்கிறது. அதனால், ஒரு கம்பெனியின் 400-ஐ இன்னொன்றின் 400-உடன் ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டாம். பொதுவாக நன்றாகப் பிடிக்கும் மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். 'கிரிப்பும் வேணும், 80 ஆயிரம் கிலோமீட்டரும் ஓடணும்' என்றால் இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

'இல்லை, கொஞ்சமாவது அகலம் வேண்டும்' என்று தோன்றினால், இருக்கும் 15 இன்ச் அலாயிலேயே 195/55 ஆர் 15 போடலாம். விட்டம் 595.5, அதாவது 1.2 சதவிகிதம் குறைவு. கார் 4 மி.மீ தாழும். 195/60 ஆர் 15 என்றால் 615, அதாவது 2 சதவிகிதம் கூடுதல். உயரம் வேண்டுமென்றால் இது. 16 இன்ச்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பின்னாளில் ஜி.டி-க்கு கம்பெனியே கொடுத்த 195/55 ஆர் 16 இருக்கிறது. அதுவும் 3 சதவிகிதம், எல்லைக் கோட்டிலேயே நிற்கிறது. அதற்கு மேல் போகாதீர்கள். வெளி அலாய் வாங்கினால் அதன் அகலம், ஆஃப்செட் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சைஸை மாற்றினால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். க்ளெய்ம் நேரத்தில் கேள்வி வராமல் இருக்கும்.

எந்த சைஸானாலும், அதன் பின்னால் வரும் '84 ஹெச்' மாதிரியான குறியைப் பாருங்கள். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ வரை. காரின் கதவுத் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் மேனுவலையும் பாருங்கள். அதில் சொன்னதற்குக் குறைவான குறி உள்ள டயரை 'ஆஃபர்' என்று தலையில் கட்டினால் வாங்காதீர்கள்.

பிறந்த தேதி கேளுங்கள்

சைடுவாலில் நான்கு இலக்க எண் ஒன்று சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. 'புது டயர்' என்று சொல்லி இரண்டு, மூன்று வருடம் கிடங்கில் தூங்கியதைக் கொடுத்தால் தயங்காமல் 'வேற எடுங்க' என்று சொல்லுங்கள். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப் தொடங்கி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை டயர் ஆலைகள் இருக்கும் மாநிலம் இது. நமக்குப் பழைய டயர் என்ன தலையெழுத்து?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள் இதை முதல் வேலையாகப் பார்க்க வேண்டும். பட்டன் நன்றாக இருக்கும், ஆனால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடா வருடம் செக் செய்யுங்கள், பத்து வருடம் ஆனால் பட்டன் இருந்தாலும் மாற்றிவிடுங்கள் என்று பல டயர் கம்பெனிகளே சொல்கின்றன. பட்டனின் சட்டபூர்வ எல்லை 1.6 மி.மீ. பள்ளங்களுக்கு நடுவில் குட்டி ரப்பர் மேடு தெரியும், அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. மழைக்கு என்றால் 3 மி.மீ-யிலேயே மாற்றிவிடுவது நல்லது.

பட்ஜெட் இடித்து, இப்போதைக்கு இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால், புதிய இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். 'முன் சக்கரம்தானே இழுக்குது, முன்னாடி போடுங்க' என்பார்கள். முன் டயர் வழுக்கினால் கார் நேராக ஓடப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும். மலைப் பாதையில் சுழலும் காரைப் பிடிக்க நம்மில் யாருக்கும் பயிற்சி கிடையாது.

மாட்டி முடித்ததும் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டையும் அங்கேயே முடித்துவிடுங்கள். பில்லில் டயரின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். வாரன்ட்டி கேட்கும்போது உதவும். காற்று, ஸ்டிக்கரில் இருக்கும் பி.எஸ்.ஐ அளவுதான். ஐந்து பேரும் லக்கேஜும் ஏறினால் அதற்கென்று தனி அளவு அதிலேயே போட்டிருக்கும். ஊருக்குக் கிளம்பும் நாளில் அந்த அளவை வையுங்கள்.

கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன், டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் தேதியையும் பார்த்துவிடுங்கள். 2014 மாடல் காரில் அது 2014-லேயே பிறந்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.