பெட்டியின் மேல் எழுதிய பெயர்

என்னிடம் பௌதிகம் பயிலும் மாணவன் ஒருவன், சென்ற வாரம் வகுப்பு முடிந்த பின்னரும் போகாது நின்றான். கையில் உள்ளங்கையளவு இரும்புப் பெட்டி ஒன்று. வெளிநாடு சென்ற தமையன் விட்டுச்சென்ற ‘பெடல்’ அது. காலால் மிதித்துக் கிற்றாரின் ஒலியை மாற்றும் கருவி. தமையன் வாசித்தது பேஸ் கிற்றார். தம்பியிடம் இருப்பதோ சாதாரண மின்கிற்றார். பேஸ் பெடலைப் பூட்டினால் கிற்றார் பழுதாகிவிடும் என்று நண்பர்கள் அச்சுறுத்தியிருந்தனர். புதிதாக ஒன்று வாங்கித் தரும்படி தகப்பனாரைக் கேட்கவோ அவனுக்கு மனமில்லை.

“பூட்டலாமா, சேர்?” என்றான்.

தாராளமாகப் பூட்டலாம் என்றேன். பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. கிற்றாரின் தாழ்ந்த தந்தி 82 தடவை. இடையே உள்ளது ஒரு ஸ்தாயி மட்டுமே. இரண்டும் அனுப்புவது ஒரே இனத்து மெல்லிய மின்சமிக்ஞை. அதனாற் கிற்றாருக்கும் கேடில்லை, பெடலுக்கும் கேடில்லை.

பலன் மட்டும் வேறுபடும். ஒலியைக் கரகரப்பாக்கும் பேஸ் பெடல்கள் பலவற்றில், மாற்றமுறாத மூல ஒலியையும் வேண்டிய அளவு கலந்துகொள்ள ஒரு குமிழ் உண்டு. பேஸின் அடிநாதம் கரைந்துபோகாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. கிற்றாரிற் பல தந்திகளை ஒருங்கே மீட்டும்போது அதுவே பேருதவி. சுரங்கள் குழம்பாது தனித்தனியே கேட்கும். ஆனால் ‘பொஸ்’ நிறுவனத்தின் பேஸ் ஈக்குவலைசரில் முதலாவது தண்டு 50 என்ற மீடிறனுக்குரியது. கிற்றாரின் தந்தி எதுவும் அவ்வளவு தாழ்வாக அதிர்வதில்லை. அதை ஏற்றினாலும் இறக்கினாலும் பெரிதாக ஒன்றும் நிகழாது. ஸ்தாயியைத் தாழ்த்தும் பெடலாயின் சிறிய ஒலிபெருக்கியை உரத்து அலறவிடுதல் கூடாது.

கரகரப்பொலியின் கதையிலேயே பேஸுக்கு ஓரிடமுண்டு. 1961 இல் அமெரிக்காவில் வெளிவந்த மாட்டி ரொபின்ஸின் ‘டோண்ட் வொறி’ என்ற பாட்டில், கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறுதந்திப் பேஸ், பதிவுக்கூடத்துக் கருவியின் பழுதினால் வண்டுபோல் இரைந்தது. அவ்விரைச்சலை வேண்டுமென்றே எழுப்பும் பெடல் 1962 இல் மேஸ்ட்ரோ என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தது. 1965 இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதைக் கிற்றாரிற் பூட்டி ‘சற்றிஸ்பக்ஷன்’ பாட்டில் வாசித்தார். பழுதுக்கும் சில வேளை நல்ல காலம் பிறக்கிறது!

மெய்யான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. பழைய வானொலிப் பெட்டியின் மின்வழங்கியையும் பையன் கையோடு கொண்டுவந்திருந்தான். அவனுடைய பெடலுக்கு வேண்டியது 9 வோல்ற்று நேரோட்டம். செருகியின் நடுமுனை மறையாக இருத்தல் வேண்டும். அவன் கொண்டுவந்ததிலோ நடுமுனை நேர். பூட்டியிருந்தால் தமையனின் பெட்டி கெட்டிருக்கவும் கூடும். ஒரு 9 வோல்ற்று பற்றரி வாங்கிப் போடும்படி சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் முகம் மலர வந்தான். மாலை முழுதும் வாசித்தானாம். “அண்ணா வந்திட்டானோ எண்டு அம்மா எட்டிப் பார்த்தவ” என்றான். கலக்கும் குமிழை எங்கே நிறுத்துவதென்பதில் மட்டும் அவனுக்கும் வீட்டாருக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை.